புதிய பங்கா, புதிய எசமானா? கனடியக் கஞ்சா நிறுவனங்கள் பணம் திரட்டிய விதம்

2018 அக்டோபர் 17 அன்று கனடா கஞ்சா விற்பனையைப் பொதுப் பயன்பாட்டுக்கும் சட்டபூர்வமாக்குவதற்கு முன்பே, அந்நாட்டு நிறுவனங்கள் வரப்போகும் விற்பனையை நம்பிப் பரந்த பசுமைக் குடில்களை எழுப்பத் தொடங்கிவிட்டன. அதற்கான பணத்தைத் தேடியபோது, சந்தையில் புதிய பங்குகளை வெளியிட்டுக்கொண்டே போவது அல்லது மது, புகையிலைத் தொழிலின் பெருநிறுவனம் ஒன்றைப் பங்காளியாக ஏற்பது என்ற இரண்டு வழிகளே பெரிதும் பேசப்பட்டன.

நூறு பங்குகள் கொண்ட நிறுவனத்தில் பத்துப் பங்குகளை வைத்திருப்பவர் பத்தில் ஒரு பகுதிக்கு உரியவர்; நிறுவனம் மேலும் நூறு பங்குகளை வெளியிட்டால், அவர் எதையும் விற்காமலேயே அவருடைய உரிமை இருபதில் ஒரு பகுதியாகச் சுருங்குகிறது. பங்கு நீர்த்தல் எனப்படும் இது தன்னளவில் தீங்கன்று. நல்ல விலைக்குப் பங்கு விற்று, வந்த பணம் இலாபம் தரும் வழியில் செலவாகுமானால், பழைய பங்குதாரருக்கு நட்டமில்லை. விலை சரியச் சரிய விற்க நேர்வதே ஆபத்து, ஏனெனில் அதே தொகையைத் திரட்ட ஒவ்வொரு முறையும் முன்பைவிட அதிகப் பங்குகள் தேவைப்படுகின்றன. பெரிய பங்காளி எவருமில்லாத அரோரா கன்னாபிஸ், மெட்ரிலீஃப் உள்ளிட்ட நிறுவனங்களைத் தன் பங்குகளையே விலையாகக் கொடுத்து வாங்கியது. அதன் பங்குகளின் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. பின்னர் பல பங்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ஒருங்கிணைப்பை 2020இல் 12க்கு 1 என்றும், 2024இல் 10க்கு 1 என்றும் செய்தபோது, பழைய 120 பங்குகள் ஒரே பங்காயின.

கேனப்பி குரோத் மற்ற வழியில் சென்றது. அமெரிக்காவில் கொரோனா பீர் விற்கும் கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ், 2018இல் பங்கு ஒன்றுக்கு 48.60 கனடா டாலர் வீதம் ஏறத்தாழ 500 கோடி டாலர் செலுத்தியது. அன்றைய சந்தை விலையைவிட இது மிக அதிகம் என்பதால், புதிய பங்குகள் வெளியிடப்பட்டபோதும் பழையவர்கள் இழந்தது குறைவே. ஆனால் ஏழு இயக்குநர்களுள் நால்வரை முன்மொழியும் உரிமை அந்நிறுவனத்திடம் சென்றது. 2019 ஜூலையில் நிறுவனர் புரூஸ் லின்டன் பதவி நீக்கப்பட்டதும், மறு ஆண்டு கான்ஸ்டலேஷனின் நிதித்தலைவராக இருந்த டேவிட் கிளைன் தலைமைச் செயல் அலுவலரானதும் அந்தப் பிடியின் வலிமையைக் காட்டின.

பெருமுதலாளி வந்தால் நீர்த்தல் நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் பொய்த்தது. நட்டம் தொடர்ந்த கேனப்பி மீண்டும் பங்குகளை விற்றது. 2023 டிசம்பரில் 10க்கு 1 என ஒருங்கிணைத்தது. ஆல்ட்ரியா என்னும் புகையிலை நிறுவனத்துக்கு 240 கோடி கனடா டாலருக்கு 45 விழுக்காட்டை அளித்த குரோனோஸ், அந்தப் பணத்தில் பெரும்பகுதியைக் கையிருப்பாகக் காத்துவந்ததால் அத்தகைய நெருக்கடிக்கு ஆளாகவில்லை. எனினும் ஆல்ட்ரியா 16.25 டாலருக்கு வாங்கிய பங்கு பின்னாளில் ஐந்து டாலருக்கும் கீழே இறங்கியது. பங்காளி யார் என்பதைவிட, பணம் எந்த விலையில் வந்தது, எவ்வளவு விரைவில் கரைந்தது என்பவையே சிறு முதலீட்டாளர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். கான்ஸ்டலேஷனோ 2024இல் தன் பங்குகளை வாக்குரிமையற்றவையாக மாற்றிக்கொண்டு, தன் பிரதிநிதிகளை இயக்குநர் குழுவிலிருந்து விலக்கிக்கொண்டது. கேனப்பியின் பங்கு விற்பனை அதன்பின்னும் தொடர்ந்தது.