ஒரே டிஸ்க்கில் மூன்று இயங்குதளங்கள்

அலுவலக வேலைக்கு விண்டோஸ் 11, அன்றாடப் புழக்கத்துக்கு உபுண்டு, கற்றுக்கொள்ள டெபியன். மூன்றையும் வீட்டிலுள்ள ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். நிறுவுவது ஒன்றும் கடினமில்லை. டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டியே தாளில் எழுதிப் பார்க்காதவர்கள்தான் பிறகு இடம் போதாமல் திண்டாடுகிறார்கள்.

டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரிக்கும் பழைய எம்பிஆர் முறை 1983இல் ஐபிஎம் பிசிக்கான டாஸ் 2.0உடன் வந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் 64 பைட்டுதான் பார்ட்டிஷன் அட்டவணைக்கு. ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கே பிரதான பார்ட்டிஷன்கள். 2 டெராபைட்டுக்கு மேல் அதற்கு எட்டவும் எட்டாது. இன்றைய ஜிபிடி முறையில் வழக்கமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடமுண்டு, அட்டவணையின் நகலும் டிஸ்க்கின் கடைசியில் பத்திரமாக இருக்கும். புதிதாகப் பிரிப்பவர்கள் ஜிபிடியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதில் முதலில் வர வேண்டியது ஈஎஃப்ஐ பார்ட்டிஷன். கணினியை ஆன் செய்ததும் மதர்போர்டு இயங்குதளத்தைத் தேடி வருவது இங்கேதான். திறந்து பார்த்தால் மைக்ரோசாஃப்ட், உபுண்டு, டெபியன் என்று ஆளுக்கொரு ஃபோல்டர் இருக்கும். மூன்றுக்கும் இந்த ஒன்றே போதும். விண்டோஸ் தானாக உருவாக்கினால் பெரும்பாலும் 100 எம்பிதான் ஒதுக்கும். அதனிடம் விட்டுவிடாமல், விண்டோஸைப் போடுவதற்கு முன்பே 1 ஜிபி கொடுத்துவிடுங்கள்.

திட்டமிடுவதில் உயிர்நாடியான விஷயம் வரிசை. ஒரு பார்ட்டிஷனின் வலது எல்லையை நீட்டுவது சில நொடி வேலை, அதுவும் ஒட்டினாற்போல் காலியிடம் இருந்தால்தான். இடது எல்லையை நகர்த்துவதென்றால் உள்ளே இருக்கும் தரவு முழுவதையும் இடம் மாற்றி எழுத வேண்டும். மணிக்கணக்கில் ஆகும், நடுவில் கரண்ட் போனால் அத்தனையும் பாழாகலாம். பெரும்பாலும் விண்டோஸ் தன் ரெக்கவரி பார்ட்டிஷனை சி டிரைவுக்குப் பின்னால் நிறுத்திவிடுவதால், அந்த டிரைவைப் பிறகு நீட்டுவதும் தலைவலி. ஆகவே சி டிரைவுக்குத் தொடக்கத்திலேயே தாராளமாகக் கொடுப்பதே சரி.

1 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் ஏறக்குறைய 931 ஜிபி என்று காட்டும். நான் பரிந்துரைக்கும் வரிசை இது: ஈஎஃப்ஐ 1 ஜிபி, விண்டோஸுக்கு ரெக்கவரியும் சேர்த்து 200, உபுண்டுக்கு 60, அதை ஒட்டி யாருக்கும் கொடுக்காத வெற்றிடம் 80, டெபியனுக்கு 40, மிச்சம் 550 ஜிபி நம் கோப்புகளுக்கு. நாளைக்கு உபுண்டுக்கு இடம் போதாவிட்டால் அந்த வெற்றிடத்துக்குள் நீட்டிக்கொள்ளலாம். ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை, ஸ்வாப் ஃபைல் போதும். விண்டோஸை முதலில் நிறுவுங்கள், லினக்ஸ்கள் பிறகு வரட்டும்.

படங்கள், பாட்டுகள், ஆவணங்கள் எல்லாம் அந்த 550 ஜிபியில்தான் இருக்க வேண்டும். எந்த இயங்குதளத்தை அழித்துப் போட்டாலும் அவை அசையாது. அதை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். 2021இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து, என்டிஎஃப்எஸ்ஸில் முழுமையாக எழுதவல்ல டிரைவர் லினக்ஸிலேயே இருக்கிறது. ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோவை அது ஏற்காது. உபுண்டும் டெபியனும் ஒரே ஹோம் பார்ட்டிஷனைப் பங்கிட்டுக்கொள்ளவும் விடாதீர்கள். ஒன்றின் புதிய செட்டிங்ஸ் மற்றதன் பழைய பதிப்பைக் குழப்பும்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்தே ஆக வேண்டும். அது இருக்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸிலிருந்து என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்களில் எழுத முடியாமல் போகும். பிட்லாக்கர் போட்டிருந்தால், டிரைவைச் சுருக்குவதற்கு முன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

கோப்புகளைத் தனிப் பார்ட்டிஷனில் வைப்பது பேக்கப் ஆகிவிடாது; டிஸ்க் பழுதானால் எல்லாம் சேர்ந்தே போகும். எனவே வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே பிரிக்கத் தொடங்குங்கள்.