ஆறு பேர் கையெழுத்து: இங்கிலாந்தின் பாரிஷ் மன்றம்



தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய கேள்வியல்ல. கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி மேலே சொல்ல வேண்டும். மேலே உள்ளவருக்கு மனம் இருக்க வேண்டும். துரைமார் பிறந்த நாட்டில் இப்படி ஒரு நிலை இருந்திருக்காது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருப்போம். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் கிராமங்களில் வயல்வேலை செய்த வெள்ளைக்காரக் கூலியும் தன் ஊர்த் துரைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவன்தான்.

பாரிஷ் என்றால் முதலில் ஒரு மாதா கோயிலைச் சேர்ந்த ஊர் என்று பொருள். ஊர்க் காரியங்களைப் பேச அந்தக் கோயிலில் ‘வெஸ்ட்ரி’ என்ற கூட்டம் கூடும். பேருக்குத்தான் அது ஊர்க்கூட்டம். 1818-இல் வந்த ஒரு சட்டம், சொத்து அதிகமுள்ளவருக்கு அதிக வாக்கு என்று வைத்தது. பெரிய நிலக்காரர் ஒருவருக்கு ஆறு வாக்குகள் வரை உண்டு. பாதிரியாரும் நிலக்காரரும் சேர்ந்துகொண்டால் கூலிக்காரன் பேசி என்ன ஆகப்போகிறது?

1872-இல் ஜோசப் ஆர்ச் என்பவர் பண்ணைத் தொழிலாளருக்கு நாடளாவிய ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அவரும் ஒரு பண்ணைத் தொழிலாளிதான். 1884-இல் கிராமத்து உழைப்பாளிகளில் பெரும்பாலோருக்கு நாடாளுமன்ற வாக்குரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே ஆர்ச் நாடாளுமன்ற உறுப்பினரானார். அதற்குப் பிறகு 1894-இல் வந்ததுதான் பாரிஷ் மன்றங்களை உண்டாக்கிய சட்டம். கோயில் காரியம் கோயிலோடு நின்றது. ஊர்க் காரியம் தேர்தலில் வென்ற மன்றத்தின் கைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தில் சிறியதாகத் தோன்றும் ஒரு வரி உண்டு. வாக்காளர் கூடும் ஊர்க்கூட்டம் மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்பது அது. ஏன் தெரியுமா? பகலில் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போனவன் வர முடியாது. வந்தால் அன்றைய கூலி போய்விடும். சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவர் உழைப்பாளியின் பொழுதை நினைத்துப் பார்த்திருக்கிறார். இந்த விதி இன்றும் இருக்கிறது. கூட்டத்துக்கு வேறு பொது இடம் இல்லாத ஊரில் பள்ளிக்கூட அறையைக் கேட்டு வாங்கவும் அன்று வழி செய்தார்கள். மதுக்கடையில் கூட்டம் நடத்தலாகாது, வேறு இடமே இல்லையென்றால் ஒழிய! பெண்களும், மணமானவரானாலும் ஆகாதவரானாலும், மன்றத்துக்குப் போட்டியிடலாம் என்று அந்தச் சட்டமே சொன்னது. பெண்கள் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்று இங்கிலாந்தில் பெரிதும் சிறிதுமாக ஏறக்குறைய 10,000 மன்றங்கள் இப்படி உள்ளன. ஒரு மன்றத்தில் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள். தேர்தல் பொதுவாக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்குவதில்லை. சம்பளம் பெறுகிறவர் ‘கிளார்க்’. நம் வழக்கில் கிராணி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இவர் யாருக்கும் துரையின் ஆள் இல்லை. கடிதம், கணக்கு, கூட்டக் குறிப்பு எல்லாம் இவர் பொறுப்பு. கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்னதாக, எதைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்று ஊரறிய நோட்டீஸ் ஒட்ட வேண்டும். யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது? வரும் ஆண்டுக்கு இவ்வளவு தேவை என்று மன்றம் முடிவு செய்து மேல்மன்றத்துக்கு எழுதும். மேல்மன்றம் அந்தத் தொகையை வீட்டு வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுத்துவிடும். வரிச்சீட்டில் பாரிஷின் பங்கு தனியாகத் தெரியும். ஆகவே, ‘என் காசை என்ன செய்தாய்?’ என்று கேட்க எவருக்கும் வழி இருக்கிறது. ஆண்டுதோறும் முப்பது வேலை நாட்களுக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைக்க வேண்டும். ஊரார் வந்து பார்க்கலாம்.

நடைபாதை விளக்கு, பிள்ளைகள் விளையாடும் திடல், இடுகாடு, பஸ் நிழற்கூடம், குப்பைத்தொட்டி, ஊர் மண்டபம் ஆகியவை இவர்கள் கவனிக்கக்கூடியவை. பள்ளிக்கூடமும் பெரிய சாலையும் இவர்கள் கையில் இல்லை. புதிய வீடுகள் கட்டும் விண்ணப்பத்துக்கு இவர்கள் கருத்துச் சொல்லலாம். முடிவு மேலே இருக்கிறது. மன்றமே வேண்டாம் என்று சொன்ன இடத்தில் வீடுகள் எழும்புவதும் உண்டு. அப்போது ஊரார் திட்டுவது என்னவோ பாரிஷ் மன்றத்தைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது காய்கறிக் கொல்லை விஷயம். நம் லயத்துப் பின்புறத்தில் கீரையும் வெண்டியும் போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். கூலி குறைந்த அந்த நாட்களில் ஒரு துண்டு நிலம்தான் கிராமத்துக் குடும்பத்தின் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும். 1894 சட்டம், நிலக்காரர் தர மறுத்தாலும் மேல் அனுமதியோடு நிலத்தைக் கட்டாயக் குத்தகைக்கு எடுக்க மன்றத்துக்கு வழி செய்தது. 1908-இல் வந்த சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: ஊர் வாக்காளர் ஆறு பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் மன்றம் அதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். தேவை உண்மை என்று கண்டால் நிலம் ஏற்பாடு செய்ய வேண்டும். பழைய அளவில் ஒரு கொல்லை ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 250 சதுர மீட்டர். குடும்பத்துக்குக் காய்கறி கொடுக்க அது தாராளம்.

குறைகளும் உண்டு. பல ஊர்களில் போட்டியிட ஆள் கிடைப்பதில்லை. இடையில் ஓர் இடம் காலியானால், பத்து வாக்காளர் எழுதிக் கேட்டால்தான் தேர்தல். யாரும் கேட்காவிட்டால் மன்றமே தனக்குத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். இப்படியே போனால் மன்றம் நாலைந்து பேரின் வீட்டுக் காரியம்போல ஆகிவிடும்.

அப்படி ஆகும்போது ஊரார் சும்மா இருக்க வேண்டியதில்லை. மன்றத் தலைவர் கூட்டாவிட்டாலும், வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து ஊர்க்கூட்டத்தைக் கூட்டலாம். நாள், இடம், நேரம், பேசும் விஷயம் இவற்றை எழுதி, ஆறு பேரும் கையெழுத்திட்டு, ஏழு முழு நாள் முன்னதாக ஊரில் ஒட்டிவிட வேண்டும். நேரம் மட்டும் மாலை ஆறுக்குப் பிறகு.