மீன் குஞ்சுகள் உயிரோடு குளம் சேர வேண்டுமே!



மீன் விற்கிற விலையை நாம் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? சந்தையில் விலையைக் கேட்டுவிட்டு, கருவாட்டை வாங்கிக்கொண்டு திரும்புகிற வீடுகள் நம்மில் எத்தனையோ! அதனால்தான் லயத்துக்குப் பின்னால் சிறு குளம் வெட்டியோ, வீட்டோரம் கன்வாஸ் தொட்டி கட்டியோ மீன் வளர்க்கும் ஆசை நம்மவர்களுக்கு வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் குளம் வெட்டுவதற்குப் படுகிற பாட்டில் பாதியைக்கூட, வாங்கிய குஞ்சுகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு நாம் படுவதில்லை. போட்ட முதல் அங்கேதான் செத்து மிதக்கிறது.

தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. கணவர் குலை வெட்டுகிறார். மனைவி உதிரிப்பழம் பொறுக்குகிறார். நிர்வாகத்திடம் முறையாக அனுமதி கேட்டு, மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மண் வெட்டிக் குளம் அமைத்தார்கள். கம்பார் வட்டாரத்தில் பழைய ஈயக்குட்டைகளில் மீன் வளர்க்கிறார்கள் அல்லவா? அங்கே ஒரு பண்ணையில் சிவப்புத் திலாப்பியாக் குஞ்சுகள் 500 வாங்கினார்கள். பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

காலை 10 மணிக்குப் பையில் கட்டினார்கள். சாலையில் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் வழியில் சாமான் வாங்க இறங்கினார்கள். சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டார்கள். பைகள் காருக்குள் வெயிலில் கிடந்தன. வீடு வந்தபோது மணி மூன்று. பிள்ளைகள் ஆசையாகச் சுற்றி நிற்க, பையை அவிழ்த்து அப்படியே குளத்தில் கொட்டினார்கள்.

“கொட்டினப்ப நல்லாத்தான் ஓடுச்சுங்க. விடிஞ்சு போய்ப் பார்த்தா தண்ணி மேல செத்து மிதக்குது. சின்னவன் அழுத அழுகை இருக்கே... அன்னிக்கு எங்களுக்குச் சோறே இறங்கல” என்றார் அந்த அம்மா.

பண்ணைக்காரர் நோய்ப்பட்ட குஞ்சுகளைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். விசாரித்துப் பார்த்ததில் குறை குஞ்சுகளில் இல்லை, கொண்டுவந்த விதத்தில் இருந்தது என்று தெரிந்தது.

பைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். மீனுக்கும் மூச்சு விடப் பிராணவாயு வேண்டும். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் பிராணவாயு குறையும். காற்றுப் பட்டிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர், 20 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். சூடு ஏறினால் மீனுக்கு மூச்சும் அதிகம் வாங்கும். ஆக, வெயிலில் கிடக்கும் பையில் வரவு குறைகிறது, செலவு கூடுகிறது!

இன்னொன்று, மீன் வெளியேற்றும் அம்மோனியா என்ற நஞ்சு. தின்றுவிட்டு வந்த மீனாக இருந்தால் இது இன்னும் அதிகம். அதனால் குஞ்சு வாங்கப் போகும்போது, “ஒரு நாள் பட்டினி போட்டீங்களா?” என்று முதலில் கேளுங்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் பண்ணையிலேயே தீனியை நிறுத்தி வைப்பார்கள். பாவம் பார்த்து வழியில் தீனி போடாதீர்கள்; அதுதான் பெரிய பாவம்.

கட்டும்போது இரட்டைப் பையாக இருக்கட்டும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி இரண்டு பங்கு சிலிண்டரிலிருந்து அடைத்த பிராணவாயு. வாயால் ஊதிக் கட்டுவது வேண்டாம். எத்தனை மணி நேரம் ஆகும் என்று பண்ணைக்காரர் கேட்டால், சாலைக் கணக்கைச் சொல்லாதீர்கள். பை கட்டிய நேரம் முதல் குளத்தில் விடும் நேரம்வரை கணக்குப் பண்ணி, அதற்கு மேல் இரண்டு மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள். அதற்குத் தகுந்தபடி ஒரு பைக்கு எத்தனை குஞ்சு என்று அவர் குறைத்துப் போடுவார்.

கெளுத்தி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கெளுத்தி மேலே வந்து காற்றையும் குடிக்கிற மீன். அதற்குத் தண்ணீருக்கு மேலே காற்றிடம் வேண்டும். வளர்ந்த கெளுத்தியின் முள் பையைக் கிழித்துவிடும். துளை போட்ட மூடியுள்ள டிரம்மில், கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கொண்டுவருவதே மேல்.

டிரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டோரில் காலியாகக் கிடக்கிறதே என்று களைமருந்து டிரம்மைக் கழுவி எடுத்து வராதீர்கள். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் வேறு மருந்துகள் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் அந்த டிரம்மை நம்ப முடியாது. அதில் வந்த மீனை நாளைக்குத் தின்னப்போவது நம் பிள்ளைகள்தானே?

குழாய்த் தண்ணீரையும் உடனே பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள குளோரின் மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். திறந்த தொட்டியில் இரண்டு நாள் பிடித்து வைத்த பிறகே மீனுக்கு ஆகும்.

பயணம் விடியற்காலையில் இருக்கட்டும். பைகளை வண்டிக்குள் நிழலில், ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள். தூரப் பயணமென்றால் ஐஸைத் தனிப் பையில் கட்டிப் பக்கத்தில் வைக்கலாம்; மீன் இருக்கும் தண்ணீருக்குள் போடக் கூடாது. திலாப்பியாவுக்கு அதிகக் குளிர் ஆகாது.

வீடு வந்த பிறகுதான் பொறுமை முக்கியம். பையை அவிழ்க்காமல் குளத்தில் நிழலான இடத்தில் 20 நிமிடமாவது மிதக்க விடுங்கள். உள்ளே, வெளியே சூடு சமமாகட்டும். அவிழ்த்த பிறகு வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். மூடியிருக்கும் வரை உள்ளே சேர்ந்த கரியமில வாயு அம்மோனியாவின் வீரியத்தை அடக்கி வைத்திருக்கும். திறந்ததும் அந்த வாயு வெளியேறி, நஞ்சுக்குப் பலம் வந்துவிடும். ஆகவே உடனே குளத்துத் தண்ணீரைக் குவளை குவளையாகப் பத்துப் பதினைந்து நிமிடம் சேருங்கள். பிறகு பையைச் சாய்த்தால் குஞ்சுகள் தாமாக நீந்திப் போகும். கையால் அள்ளிப் போட்டால் உடம்பிலுள்ள வழவழப்பு போய் நோய் பிடிக்கும். அன்றைக்குத் தீனி வேண்டாம். மறுநாள் கொஞ்சமாகப் போடுங்கள். மூன்று நாளைக்குக் காலையில் போய், செத்ததை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

மிச்சமான குஞ்சுகளை ஆற்றிலோ கால்வாயிலோ விடாதீர்கள். திலாப்பியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் வெளிநாட்டு மீன்கள். நம் ஆற்று மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஆறு மாதம் கழித்து மறுபடியும் போனார்கள். இந்த முறை 200 குஞ்சுகள்தான். விடியலில் கட்டி, எங்கும் இறங்காமல் வந்து, மேலே சொன்னபடி விட்டார்கள். மூன்று நாளில் செத்தவை ஏழு. “சின்னவன்தான் தினமும் எண்ணினான். இப்ப அவன் சத்தம் கேட்டாலே மீனெல்லாம் கரைக்கு வந்துடுதுங்க” என்று அந்த அம்மா சிரிக்கிறார்.

உங்கள் லயத்தில் யாராவது குஞ்சு வாங்கக் கிளம்பினால், வண்டி ஏறும் முன் இதை ஒருமுறை படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும்.