கோட்டேஷனின் கடைசி வரி

அக்கா மகளுக்குக் கட்டடக்கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வரைபட மென்பொருள்கள் தடுமாறாமல் ஓட ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய வேண்டும் என்று ரிச்சி தெருவில் ஒரு கடையில் கோட்டேஷன் வாங்கி வந்து, “மாமா, இது சரியா இருக்கா பாருங்க” என்று நீட்டினாள். ஒரே தாள், ஏழு வரிகள். ஐ5 பிராசசர், எச்610 போர்டு, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 22 இன்ச் மானிட்டர். கடைசி வரியில் ‘கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்’.

விலை நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வரியில்கூட முழு மாடல் எண் இல்லை. சர்வே எண் போடாத பத்திரத்தை யாராவது பதிவு செய்வார்களா? மாடல் எண் இல்லாத கோட்டேஷனும் அப்படித்தான். அதை வைத்துக்கொண்டு எந்தப் பொருளையும் தரலாம், கேட்கவும் முடியாது.

ஐ5 என்பதையே எடுத்துக்கொள்வோம். இன்டெல் நிறுவனம் 2009 முதல் தன் நடுத்தர வரிசைக்கு வைத்திருந்த பொதுப்பெயர் அது. விஷயம் அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ5-4570 என்றால் 4ஆம் தலைமுறை, 2013இல் வந்தது. ஐ5-12400 என்றால் 12ஆம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டும் ஐ5தான். ஆனால் 12ஆம் தலைமுறையின் ஐ3கூட அந்தப் பழைய ஐ5ஐ எளிதாக முந்திவிடும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் கழற்றிய பிராசசரைப் புதுப் போர்டில் மாட்டி, பளபளக்கும் கேபினட்டில் வைத்து ‘ஐ5 செட்’ என்று விற்பதும் நடக்கிறது. இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றோடு முடிந்துவிட்டது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். 12400எஃப் என்றிருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இருந்தால்தான் திரையில் படம் வரும். கொஞ்சம் விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போகும் நாட்களில் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும். ஒரே கம்ப்யூட்டரை நம்பிப் படிக்கும் பிள்ளைக்கு எஃப் இல்லாததை வாங்கித் தருவதே நல்லது என்பேன். பெட்டியோடு வரும் ‘பாக்ஸ்’ பிராசசரா, பெட்டி இல்லாத ‘ட்ரே’ பிராசசரா என்றும் கேட்டுவிடுங்கள். வாரண்டி யார் பொறுப்பு என்பது அதில் மாறும்.

போர்டும் ராமும் ஒன்றையொன்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். 12, 13, 14ஆம் தலைமுறை இன்டெல்லுக்கான போர்டுகளில் டிடிஆர்4 கேட்பவையும் உண்டு, டிடிஆர்5 கேட்பவையும் உண்டு. ராமின் அடியில் இருக்கும் வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றை மற்றதில் செருக முடியாது. ஏஎம்டியின் ஏஎம்5 போர்டு என்றால் டிடிஆர்5 மட்டுமே. ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி வேகம் தரும் என்பார்கள், சரிதான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் எச்610 போர்டில் பெரும்பாலும் இரண்டே ராம் இடங்கள்தான். இரண்டிலும் 8 ஜிபி போட்டு நிரப்பிவிட்டால், மூன்றாம் ஆண்டில் 32 ஜிபி தேவைப்படும்போது இரண்டையும் கழற்றித் தூக்கிப்போட வேண்டியதுதான். அவளுக்கு நான்கு ராம் இடம் உள்ள பி760 போர்டு எழுதச் சொன்னேன்.

எஸ்எஸ்டியில் ஒரே கேள்வி போதும்: சாட்டாவா, என்விஎம்இயா? எம்.2 வடிவத்தில் வரும்போது இரண்டும் சூயிங்கம் துண்டு மாதிரி பார்க்க ஒன்றாகவே இருக்கும். சாட்டா விநாடிக்குச் சுமார் 550 எம்பியோடு நின்றுவிடும்; சாதாரண என்விஎம்இகூட அதைப் பல மடங்கு தாண்டும்.

‘8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்பதும் ஒன்றுமே சொல்லாத வரி. 2017இல் வந்த ஆர்எக்ஸ் 580இலும் 8 ஜிபி உண்டு, 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060இலும் 8 ஜிபிதான். புதியது வேலையிலும் வேகம், 115 வாட்ஸில் ஓடிவிடும். பழையது 185 வாட்ஸ் குடிக்கும்.

இப்போது அந்தக் கடைசி வரி. மறுநாள் அவளோடு கடைக்குப் போய், எழுதியிருந்த கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே எஸ்எம்பிஎஸ் மேல் பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதைத்தான் படிக்க வேண்டும். 12 வோல்ட் என்ற இடத்தில் 16 ஆம்ப்ஸ் என்று இருந்தது.

வீட்டு பிளக்கில் வரும் 230 வோல்ட் ஏசியை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றித் தருவதுதான் எஸ்எம்பிஎஸ் வேலை. இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பங்கு மின்சாரத்தை எடுப்பது 12 வோல்ட் வழியாகத்தான். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192. அதாவது அந்த ‘450 வாட்ஸ்’ நமக்கு வேண்டிய இடத்தில் 192 வாட்ஸ்தான் தரும். நல்ல 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 36 ஆம்ப்ஸ் அளவுக்கு இருக்கும், 432 வாட்ஸ். அவளுக்கு நான் எழுதச் சொன்ன ஐ5-12400 பிராசசர் முழு வேகத்தில் 117 வாட்ஸ் வரை எடுக்கும், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115. போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு ஒரு 60 சேர்த்தால் ஏறக்குறைய 290. மூச்சுவிட இடம் வைத்து 500, 550 வாட்ஸ் வாங்கினால் நிம்மதி.

இன்னொன்றையும் பார்த்தோம். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் வயர் அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லவே இல்லை. “அதுக்கென்ன சார், கன்வெர்ட்டர் கேபிள் தர்றேன்” என்றார் கடைக்காரர். அந்த 8 பின் 150 வாட்ஸ் வரை தருவதற்காக வடிவமைத்தது. அதை ஹார்ட் டிஸ்க்குக்கு விட்ட மெல்லிய வயரில் கன்வெர்ட்டர் போட்டு இழுத்தால் வயர் சூடாகும், பிளக்கின் பிளாஸ்டிக் உருகும். வயர் இல்லை என்பதே அந்த எஸ்எம்பிஎஸ் அந்த வேலைக்கானது இல்லை என்பதற்குச் சாட்சி.

மட்டமான எஸ்எம்பிஎஸ் முதல் நாளே காட்டிக்கொடுக்காது. ஆறு மாதம் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் படத்தை ரெண்டர் செய்யும்போது பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மாற்றிப் போடுவோம். அந்த எஸ்எம்பிஎஸ் செத்துப்போகும் நாளில் மின்னழுத்தம் எகிறி, போர்டையும் எஸ்எஸ்டியையும் கூடவே கொண்டுபோகலாம். அதனால் எஸ்எம்பிஎஸ்ஸை கேபினட்டோடு சேர்க்காமல் தனி வரியாக, கம்பெனி பெயர், மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். 80 பிளஸ் முத்திரை இருக்கட்டும். எழுதியிருக்கும் முழு வாட்ஸையும் தரும்போதுகூட 80 சதவீதத்துக்குக் குறையாமல் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது என்று சோதித்துத் தரும் முத்திரை அது. மின்சிக்கனத்துக்குத்தான் சான்று, பாதுகாப்புக்கு அல்ல. ஆனாலும் பொய்யான 450 அந்தச் சோதனையில் தேறாது.

கேபினட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். முன்பக்கம் முழுக் கண்ணாடி போட்டது அழகு, ஆனால் காற்று போகாது. மே மாத வெயிலில் ஏசி இல்லாத அறையில் ஓடப்போகிறது என்றால் முன்பக்கம் வலை போட்டதை எடுங்கள்.

கூடவே யூபிஎஸ்ஸும் வாங்குவதானால், அதில் எழுதியிருப்பது விஏ, வாட்ஸ் அல்ல. 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். 290க்கு மேல் மானிட்டரும் சேர்ந்தால் விளிம்பில் நிற்கும். இவளுக்கு 1000 விஏ சொன்னேன்.

செட் வீட்டுக்கு வந்தது, ஓடியது. ஒரு வாரம் கழித்து, “மாமா, கேபினட்ல கை வச்சா சுருக்குன்னு இருக்கு” என்று போன். புதுக் கம்ப்யூட்டரில் கோளாறு என்று அக்கா பயந்துவிட்டாள். கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. மின் இரைச்சலை வடிகட்ட எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை துளி மின்சாரத்தை எர்த் வயருக்குத் தள்ளும். சுவரில் எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் தகட்டிலேயே தங்கி, தொடுகிறவர் உடம்பு வழியாக இறங்கும். அவள் அறை பிளக்கில் மூன்று ஓட்டைகள் இருந்தன, மூன்றாவதில் வயரே இணைக்கவில்லை. அந்தத் துளி மின்சாரம் ஆளைக் கொல்லாது. ஆனால் உள்ளே ஒரு வயர் பழுதாகித் தகட்டில் பட்டால், காப்பாற்ற வேண்டியது அந்த எர்த்தான். கம்ப்யூட்டர் வைக்கப்போகும் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று, பொருள் வாங்கும் முன்னரே ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.