ஏலகிரியா, ஜவ்வாதா?

பள்ளிகொண்டாவிலிருந்து விடுமுறைக்கு மலை ஏற விரும்பும் குடும்பத்தினர் முன் இரு வழிகள் உண்டு. ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி சேர்ந்ததும், ஒரு சாலையில் திரும்பினால் ஏலகிரி. ஆலங்காயம் சாலையில் திரும்பினால் ஜவ்வாது மலை.

சென்ற பிப்ரவரியில் எம் இல்லத்திலும் இக்கேள்வி எழுந்தது. தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதிப் பெறும் ஊதியத்தில், வாடகை வேன் அமர்த்துவது ஆண்டிற்கு ஒருமுறைதான் இயலும். ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை அடுத்த ஆண்டிற்குத் தள்ளிவைத்தே ஆகவேண்டும்.

பிள்ளைகள் ஒரே குரலாக ஏலகிரி என்றனர். அதில் நியாயமும் இருந்தது. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காற்று. தமிழ்ப் புலவர், வள்ளல் பெயர்களைத் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள். புங்கனூர் ஏரியில் படகு. தங்க விடுதி, உண்ண உணவகம். சிறு பிள்ளைகளை உடையோருக்கு இதைவிட எளிய இடம் இப்பகுதியில் இல்லை எனலாம்.

ஜவ்வாது மலையோ பரந்தது. ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவானவை. சாமையும் தேனும் பலாவும் அம்மலையின் செல்வங்கள். ஜமுனாமரத்தூரை அடுத்த பீமன் அருவியில் மழைக்காலத்தை ஒட்டிச் சென்றால்தான் நீர் காணலாம். கட்டுச்சோறு உடன் இருப்பது நலம். ஆயினும் அம்மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வு நிலையம் உள்ளது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட அதன் பெரிய தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்டது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களை உலகிற்கு அறிவித்த ஆய்வுகளில் காவலூருக்கும் பங்குண்டு.

இவ்வளவு பேச்சிலும் எம் தாயார் மட்டும் வாய் திறக்கவில்லை. வற்புறுத்திக் கேட்டபின் சொன்னார்: "அந்தப் பெரிய கண்ணாடி வந்த வருஷம், உங்கப்பா என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு. ஆஸ்பத்திரி, கடன்னு நாள் ஓடிப்போச்சு. அது கிடக்கட்டும், பிள்ளைங்க கேக்கிற இடத்துக்கே போங்கப்பா."

அதன்பின் விவாதம் நீளவில்லை. படகை இழந்த கடைக்குட்டி மட்டும் ஆம்பூர் வரை எவரோடும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

காவலூரில் பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம். புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நன்று. மழை மாதங்களில் மேகம் மறைத்துவிடும். தை, மாசியே ஏற்ற காலம். இரவே இல்லம் திரும்பிவிடலாம் ஆதலால் ஞாயிறு திருப்பலிக்கும் தடையில்லை.

பெரிய தொலைநோக்கியைப் பகலில் பார்த்தோம். இருட்டியபின், பார்வையாளர்க்கென வைத்திருந்த சிறு தொலைநோக்கி வழியே நிலவைக் காட்டினர். மூட்டுவலியையும் பாராது எம் தாயார் நெடுநேரம் நின்று பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றோர் பொறுத்துக்கொண்டனர். விலகி வந்ததும், "நம்ம பாலாறு மாதிரியே குழி குழியா கிடக்கு" என்றார். அதுவரை உம்மென்றிருந்த கடைக்குட்டியும் சிரித்துவிட்டாள்.

விடுமுறைக்கு இடம் தேடும் அன்பர்களே, எந்த இடம் சிறந்தது என்று ஆராயுமுன், வீட்டில் பேசாதிருப்பவர் யார் என்று பாருங்கள். முதலில் அவரைக் கேளுங்கள். ஏலகிரி அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். முதியோரின் ஆசைக்கு அத்தகைய உறுதி இல்லை அன்றோ!