துப்பாக்கிக் கட்டையின் பொருத்தம்

கோடையில் மரம் வற்றி, வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை தளர்வதை இண்டூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் நன்கறிவார்கள். ஈரத்தில் பருத்து வெயிலில் சுருங்குவது மரத்தின் இயல்பு. ரைபிளின் குறி தவறுவதற்கும் பல சமயங்களில் இதுவே காரணமாகும்.

வங்காளத்து ஈஷாப்பூர்த் தொழிற்சாலை குடிமக்களுக்கெனச் செய்த .315 ரைபிள் லீ-என்பீல்டு மாதிரியைச் சேர்ந்தது. வெடிக்குங்கால் அதன் இரும்புப் பொறி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அவ்வேகத்தைத் தாங்கும் மரம் இரு பக்கமும் சமமாகப் படிந்திருத்தல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் படிந்தால், பொறி வெடிக்கு வெடி வேறுவிதமாக அசையும். தோட்டாவும் வெவ்வேறு இடத்திற் படும்.

இதைப் பரீட்சிக்கும் முறை எளிது. எண்ணெயிற் குழைத்த விளக்குக்கரியை இரும்பின்மேல் மெல்லிதாகப் பூசிக் கட்டையில் இருத்தி, திருகாணிகளை முடுக்கிப் பின் கழற்றினால், மரத்தின் மேடான இடங்கள் மட்டும் கறுத்திருக்கும். அவற்றையே சிறிது சிறிதாகச் சுரண்டி, மறுபடியும் சோதித்தல் வேண்டும். குழிந்த இடங்களை இக்காலத்தில் எபாக்ஸிப் பசையால் நிரப்புகிறார்கள். முடிவில் ஆளிவிதை எண்ணெய் ஊட்டினால் மரத்தில் ஈரம் எளிதில் ஏறாது.

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்க லைசென்ஸ் தேவை. ஆகையால் ஊர்த் தச்சரிடமோ கொல்லரிடமோ கொடாமல், லைசென்ஸ் பெற்ற தொழிலாளியிடமே ஒப்புவித்தல் வேண்டும். புதுக் குழலுக்குப் பணம் செலவிடுமுன் கட்டையைச் சோதிக்கச் சொல்லுக. குறி தவறிய தோட்டா, வயலுக்கு அப்பால் நிற்பவரின் உயிரையும் வாங்கிவிடக்கூடும்.