குளிசைப் பக்கெற்றில் தமிழ் எங்கே?

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், கட்டில் போதாது, டொக்டர் இல்லை, மெஷின் பழுது என்றே கதை போகும். எனக்கு அவற்றைவிடப் பெரிய பயம், நோயாளி கையில் வீட்டுக்குப் போகும் குளிசைப் பக்கெற்றைப் பற்றியது.

கிளினிக் நாளில் மருந்து கொடுக்கும் ஜன்னலடியில் கொஞ்சநேரம் நின்று பாருங்கள். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வந்த ஆச்சி ஒருவர். கையில் கிளினிக் கொப்பி. நாலு பக்கெற் கிடைக்கிறது. மூன்றுக்குள் ஒரேமாதிரி வெள்ளைக் குளிசைகள். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில், பேனையால் கிறுக்கியபடி. “ஆச்சி, இது காலமை, இது இரவு, இது சாப்பாட்டுக்கு முன்னம்.” ஆச்சி தலையாட்டுகிறார். பின்னால் வரிசை நெருக்குகிறது. தீவுக்குத் திரும்பியபின் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார்?

2022 பொருளாதார நெருக்கடியில் இது இன்னும் சிக்கலானது. ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கத் துண்டெழுதிக் கொடுத்தார்கள். வெளிக்கடைப் பெட்டியில் கம்பனிப் பெயர் பெரிதாக இருக்கும். ஆஸ்பத்திரிப் பக்கெற்றில் மருந்தின் பொதுப்பெயர். சீனி வருத்தத்துக்கான கிளிக்கிளசைட்டை இப்படி இரண்டு பெயரில் வைத்திருப்பவர், ஒன்றென்று தெரியாமல் இரண்டையும் போட்டால், சீனி இறங்கி, வேர்த்து, மயங்கி விழுவார். தனியே இருக்கும் வயோதிபருக்கு அது உயிராபத்து. இரத்தம் உறையாமல் தடுக்கும் வாபரின் கூடிப்போனால் உள்ளுக்குள் இரத்தம் கசியும். மருந்துத் தவறுகளால் வரும் கடும் பாதிப்பை 5 ஆண்டில் பாதியாக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2017 இல் இயக்கம் தொடங்கியது சும்மா அல்ல.

1847 இல் இங்கு வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்த மானிப்பாய் இருக்கும் மண்ணில், ஒரு குளிசை எந்த வருத்தத்துக்கு என்று தமிழில் எழுதாமல் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டம் தாங்காது, விளங்கப்படுத்த நேரமில்லை என்கிறார்கள் மருந்து கொடுப்பவர்கள். அதுவும் உண்மைதான். ஆனால் ‘பிரஷர்’, ‘சீனி’, ‘காலை’, ‘இரவு’ என்று ரப்பர் முத்திரை குத்த எவ்வளவு நேரம் வேண்டும்? “எப்படிப் போடுவீங்கள், சொல்லுங்கோ பாப்பம்” என்று ஒருதரம் கேட்டால் பாதித் தவறு அந்த ஜன்னலடியிலேயே பிடிபடும்.

அதுவரை நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த கிளினிக்குக்கு அம்மா, அப்பாவைக் கூட்டிப் போகும்போது, வீட்டில் கிடக்கும் எல்லாக் குளிசைகளையும், வெளியில் வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் கொண்டுபோங்கள். டொக்டரிடம் காட்டி, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று கேட்டுக் கொப்பியில் தமிழில் குறித்துக்கொண்டு வாருங்கள்.